காசு வாங்கும்போது கடை, கேள்வி கேட்டால் போர்டு

ஆவணி பிறந்துட்டா போதும், எனக்குப் போன் வர ஆரம்பிச்சிரும். எல்லாம் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்ல இருக்கிற பழக்கக்காரங்கதான். மழை பெஞ்சுதா, வெள்ளாமை எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு நேரா விஷயத்துக்கு வந்துருவாங்க. "அண்ணாச்சி, சிவகாசி உங்க பக்கம்தானே? நல்ல பட்டாசு வெப்சைட் ஒண்ணு சொல்லுங்களேன். எண்பது சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருக்கான், நம்பலாமா?"

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதனால மொத்தமா இங்கே எழுதிடுறேன். என் பதில் இதுதான்: நீங்க பார்க்கிறது கடையே இல்லை. கடை மாதிரி நடிக்கிற ஒரு லேபிள். காசு வாங்குற வரைக்கும் அது கடை. கேள்வி கேட்டீங்கன்னா, "நான் வெறும் விலைப்பட்டியல் போர்டு சார்"னு ஒதுங்கிக்கும். இந்த ரெட்டை வேஷத்தை நீதிமன்றத் தடை ஒண்ணு கிளப்பிவிட்டுச்சு. அரசாங்கம் கண்டுக்காம இருக்கு. வெப்சைட் செஞ்சு கொடுக்கிறவங்க அதை வச்சுச் சம்பாதிக்கிறாங்க. நீங்க விலை மலிவுன்னு வாங்குறீங்க. நாலு பேர் மேலேயும் எனக்கு வருத்தம் உண்டு.

கரிசக்காட்டுச் சம்சாரிக்கு வெப்சைட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேட்கலாம். அச்சங்குளத்துல நான் மானாவாரி வெள்ளாமை பாக்குறவன். பருத்தி, மக்காச்சோளம், கொஞ்சம் உளுந்து. என் காட்டுல களையெடுக்க வரவேண்டிய சனம் காலையில பட்டாசு ஆலை வேன்ல ஏறிப் போகுது. போறவங்களைக் குறை சொல்ல மாட்டேன். மழையை நம்பி இருக்கிற என் காட்டைவிட அங்கே கூலி நிச்சயம். அவங்க கை பட்ட பூச்சட்டியும் தரைச்சக்கரமும்தான் உங்க போன்ல படமா மின்னுது. அந்தக் கைக்கும் உங்க கண்ணுக்கும் நடுவுல தொங்குற திரையைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்குன்னுதான் நினைக்கிறேன்.

முதல்ல இந்த வெப் எப்படி வளர்ந்துச்சுன்னு பாத்துருவோம். அப்பத்தான் என் வழக்கு புரியும்.

1991-ல ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆராய்ச்சி நிலையத்துல டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வெப் பக்கத்தைப் போட்டார். எழுத்து, சுட்டி, அவ்வளவுதான். எங்க பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்ல ஒட்டுற நோட்டீஸ் மாதிரி. வந்தா படிக்கலாம், பக்கத்து நோட்டீசுக்கு நகரலாம், போயிரலாம். 1993 ஏப்ரல் 30-ம் தேதி செர்ன், இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காம பயன்படுத்திக்கலாம்னு எழுதிக் கொடுத்துச்சு. அதனாலதான் அது உலகம் பூரா பரவுச்சு. நம்ம நாட்டுல 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது.

அப்புறம் நோட்டீஸ் போர்டு கவுண்டரா மாறுச்சு. 2002-ல ஐஆர்சிடிசி வந்ததை நினைச்சுப் பாருங்க. பக்கத்துல ஒரு படிவம். நிரப்பி அனுப்பினா எங்கேயோ ஒரு பேரேட்டுல உங்க பேர் ஏறும், உங்களுக்குன்னு ஒரு பெர்த் ஒதுங்கும். அதுதான் பெரிய மாற்றம். நோட்டீசுக்கு ஞாபகசக்தி கிடையாது. கவுண்டருக்கு உண்டு. 2004-ல ஜிமெயில், 2005-ல கூகுள் மேப்ஸ் வந்தப்போ, பக்கம் முழுசா மாறாமலேயே உள்ளுக்குள்ள வேலை நடக்க ஆரம்பிச்சது. வெப் பேஜுன்னு இருந்தது வெப் அப்ளிகேஷன் ஆச்சு. 2016-ல ஜியோவும் யுபிஐயும் ஒண்ணா வந்து சேர்ந்தப்போ, கவுண்டர் கல்லாப்பெட்டியோட உங்க சட்டைப் பாக்கெட்டுக்குள்ளேயே வந்துருச்சு.

இதுல ஒரு நியாயம் ஒளிஞ்சிருக்கு. நோட்டீஸ் ஒட்டினவனுக்குப் பொறுப்பு கம்மி. கடை போட்டு, கணக்குப் பார்த்து, காசு வாங்குறவனுக்குப் பொறுப்பு அதிகம். எங்க உளுந்தை விருதுநகர் மண்டிக்குக் கொண்டுபோறோம். கமிஷன்காரர்கிட்ட எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனா அவருக்கு ஒரு கடை இருக்கு, தராசு இருக்கு, போர்டுல பேர் இருக்கு, சீட்டுல கையெழுத்து இருக்கு. எடையில கோளாறுன்னா அடுத்த நாளே திண்ணையில போய் உக்காந்துருவேன். கடைன்னா அப்படித்தான் இருக்கணும்.

இப்போ பட்டாசு வெப்சைட்டுக்கு வருவோம். பெரும்பாலும் எல்லாம் ஒரே சாடை. கம்பி மத்தாப்பு, சரவெடி, ராக்கெட், கிஃப்ட் பாக்ஸ்னு வரிசையா இருக்கும். எத்தனைன்னு எண்ணைப் போட்டா மேலே மொத்தத் தொகை தானா கூடும். குறைஞ்சபட்ச ஆர்டர் இவ்வளவுன்னு இருக்கும். பேர், விலாசம், போன் நம்பர் கேக்கும். கூடை, கணக்கு, படிவம், பேரேடு எல்லாம் இருக்கு. வெப் அப்ளிகேஷனுக்கு வேண்டிய அத்தனை உறுப்பும் உண்டு. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம். 'ஆர்டர்'னு இருக்க வேண்டிய பட்டன்ல 'என்கொயரி'ன்னு எழுதியிருக்கும்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி ஒரு தீர்ப்பு இருக்கு. 2018 அக்டோபர் 23-ம் தேதி அர்ஜுன் கோபால் வழக்குல உச்ச நீதிமன்றம், பட்டாசை உரிமம் உள்ள வியாபாரிகள் மட்டும்தான் விக்கலாம்னு சொல்லிச்சு. ஃப்ளிப்கார்ட், அமேசான் உள்பட எந்த இணைய வணிகத் தளமும் பட்டாசுக்கு ஆர்டர் வாங்கக் கூடாது, மீறினா நீதிமன்ற அவமதிப்புன்னு சொல்லிச்சு. பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை வந்ததும் அதே உத்தரவுலதான்.

பெரிய கம்பெனிகள் ஒதுங்கிட்டாங்க. நம்ம ஊர்த் தளங்கள் என்ன செஞ்சது தெரியுமா? பட்டன் பேரை மாத்துச்சு. கீழே ஒரு பத்தி சேர்த்துச்சு. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைன் விற்பனைக்கு அனுமதி இல்லை, நாங்க சட்டத்தை மதிக்கிறோம், அதனால வேண்டியதைக் கூடையில போட்டு என்கொயரி அனுப்புங்க, இருபத்துநாலு மணி நேரத்துல கூப்பிடுவோம்னு சொல்ற பத்தி. பத்துத் தளத்தைத் திறந்து பாருங்க. ஒரே பத்தி, ஒரே வார்த்தைகள், எழுத்துப்பிழைகூட மாறாம இருக்கும். "சாராயம் விக்கிறதில்லை, வேணும்கிறவங்க பின்பக்கமா வரவும்"னு போர்டு மாட்டினா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு இந்தச் சட்டத்தை மதிக்கிற லட்சணம்.

பட்டனை அமுக்கினதும் என்ன நடக்குது? வாட்ஸ்அப்ல ஒரு எஸ்டிமேட் வரும். ஒரு யுபிஐ நம்பர் வரும். பணம் போனதும் லாரி புக்கிங் ரசீதை போட்டோ எடுத்து அனுப்புவாங்க. வியாபாரம் முழுசா நடந்துருச்சு. ஆனா எந்த இடத்துலேயும் 'விற்பனை' நடக்கலை! 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள்படி, ஆன்லைன்ல விக்கிறவங்க தங்களோட சட்டபூர்வமான பேர், விலாசம், குறைதீர் அலுவலர் விவரம் எல்லாத்தையும் தளத்துல காட்டணும். புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு சொல்லணும். ஒரு மாசத்துல தீர்க்கணும். 'நாங்கதான் ஆன்லைன்ல விக்கவே இல்லையே'ன்னு சொல்றவங்ககிட்ட இந்த விதியைக் காட்டி என்ன பிரயோஜனம்? ஆபத்தைத் தடுக்க வந்த தடை, ஏமாத்துறவனுக்குக் குடை பிடிக்குது.

அடுத்தது இந்தத் தளங்களைச் செஞ்சு கொடுக்கிறவங்க. சிவகாசிக்கு இது புதுசு இல்லை. 1920-கள்ல தீப்பெட்டித் தொழில் வந்துச்சு, பின்னாலேயே பட்டாசு வந்துச்சு. ரெண்டுக்கும் லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால அச்சுத்தொழில் வளர்ந்துச்சு. அணில், மயில், சாமி படம், குழந்தை படம்னு சரக்குக்கு முகம் செஞ்சு கொடுக்கிறது இந்த ஊரோட பழைய கைவேலை. இன்னைக்கு அந்த லேபிள்தான் வெப்சைட்டா மாறியிருக்கு.

எனக்குச் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு இந்த வேலைதான் பாக்குறான். ஆடி மாசம் தொடங்கினா அவனுக்குத் தூக்கம் கிடையாது. ஒரே அச்சு. பேரையும் நிறத்தையும் மாத்தினா புதுக் கம்பெனி தயார். ஐநூறு ரூபாய்னு போட்டு, அதை அடிச்சு, நூறு ரூபாய்னு காட்டுறதுக்கும் அதுலேயே கணக்கு இருக்கு. எண்பது சதவீதத் தள்ளுபடியோட ரகசியம் அவ்வளவுதான். அஞ்சு மடங்கு எழுதிட்டு நாலு மடங்கைக் கழிக்கிறது. மிச்சம் இருக்கிறது எப்பவும் உள்ள விலைதான்.

"ஏன்டா, ஆலை எங்கே இருக்கு, லைசென்ஸ் நம்பர் என்னன்னு போட ஒரு இடம் வைக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். "அதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது சித்தப்பா. ஆனா கிளையண்ட் கேக்கலையே. கேட்டதைத்தானே நாங்க செய்ய முடியும்"ன்னான்.

கோபம் வந்துச்சு. ஆனா கோபம் அவன் மேல மட்டும் இல்லை. அவன் தொழிலுக்கு அண்ணன் முறையா இருக்கிற அச்சுத்தொழிலைப் பாருங்க. தேர்தல் நோட்டீஸ் அடிச்சா, அடிச்ச அச்சகத்தோட பேரும் விலாசமும், வெளியிடுறவர் பேரும் விலாசமும் அதுல இருக்கணும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு அப்படிச் சொல்லுது. மீறினா ஜெயில். சிவகாசியில சின்ன அச்சகம் நடத்துறவருக்கும் இது தெரியும். 'கிளையண்ட் கேக்கலை'ன்னு அவர் சொல்ல முடியாது. ஓட்டுக் கேக்குற துண்டுக் காகிதத்துக்கே யார் அடிச்சதுன்னு பேர் வேணும். வெடிமருந்துக்கு ஆர்டர் எடுக்கிற வெப்சைட்டுக்கு வேண்டாமா? போர்டுதான்னு சொல்றீங்களா, சரி, போர்டுக்கே ஒரு பேர் உண்டுய்யா.

பேர் இல்லாததோட விளைவு என்ன? அசலும் போலியும் ஒரே அச்சு. ஒழுங்கா லைசென்ஸ் எடுத்து, குடோன் வச்சு, சொன்ன சரக்கை அனுப்புற வியாபாரி ஒருத்தர். அதே அச்சுல, அதே படங்களோட, அதே பத்தியோட தளம் போட்டு, பணத்தை வாங்கிட்டு தீபாவளிக்கு மறுநாள் தளத்தையே காணாமப் போகவிடுற களவாணி ஒருத்தன். உங்க போன்ல ரெண்டு பேரும் ஒண்ணுதான். வருஷா வருஷம் தமிழ்நாடு சைபர் கிரைம் போலீஸ் எச்சரிக்கை விடுறாங்க. ஏமாந்தா 1930-க்குப் போன் பண்ணச் சொல்றாங்க. நல்லது. ஆனா ஏமாந்த ஆள் என்னன்னு புகார் எழுதுவார்? 'தடை பண்ணின ஆன்லைன் பட்டாசை வாங்கப் போய் ஏமாந்தேன்'னா? பாதிப் பேர் வெளியே சொல்லவே கூச்சப்படுறாங்க. நேர்மையான வியாபாரிக்கும் இதுல நஷ்டம்தான். அவர் நேர்மையைக் காட்ட அந்தப் பக்கத்துல ஒரு இடமே இல்லை.

பணம் போனா சம்பாதிச்சுக்கலாம். பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க ஊர்ப் பேர் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, 2021 பிப்ரவரி 12-ம் தேதியாலதான் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு மதியம் இங்கே ஒரு பட்டாசு ஆலை வெடிச்சு இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில குழு போட்டது. உரிமம் ஒருத்தர் பேர்ல இருக்க, ஆலை உள்குத்தகையா பல பேர் கையில இருந்தது வெளியே வந்துச்சு. பட்டாசு வட்டாரத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, உள்குத்தகைதான் எங்க சாபக்கேடு. ஒரு அறையை எடுத்தவன் போட்ட பணத்தை சீசனுக்குள்ள எடுத்தாகணும். அதனால அறையில இருக்க வேண்டிய ஆளைவிட அதிக ஆள், அளவைவிட அதிக மருந்து, மரத்தடியிலேயும் வேலை. கலக்கின மருந்துக்கு ஒரு உராய்வு போதும்.

இப்போ அந்த ஆலையையும் இந்த வெப்சைட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்கே உரிமம் ஒருத்தர் பேர்ல, வேலை பல பேர் கையில. இங்கே தளம் ஒரு பேர்ல, சரக்கு எங்கெங்கிருந்தோ. ரெண்டுலேயும் ஒரே வித்தை, பொறுப்பு யாருதுன்னு தெரியாம மறைக்கிறது. எங்கே செஞ்சதுன்னு வாங்குறவர் கேக்காத சந்தையில, பாதுகாப்புக்குச் செலவழிக்கிற ஆலை எப்படிப் பிழைக்கும்? வீட்டுக்குள்ள, தகரக் கொட்டகையில திருட்டுத்தனமா செய்யற சரக்கும் அதே படத்துல, அதே விலைப்பட்டியல்ல கலந்துரும். அங்கே பத்து ரூபாய் கம்மின்னா உங்க விரல் அங்கேதான் போகும். தப்பு உங்க விரல்ல இல்லை. வித்தியாசத்தைக் காட்டாத திரையில இருக்கு.

சில பேர் என்கிட்ட சொல்வாங்க: "அண்ணாச்சி, இணையம் வந்ததால இடைத்தரகர் ஒழிஞ்சாரு, உற்பத்தி பண்றவரும் வாங்குறவரும் நேரடியா பேசலாம். நீங்களும் உங்க உளுந்துக்கு ஒரு வெப்சைட் போடுங்க." நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா சிவகாசியைப் பார்த்தா இடைத்தரகர் ஒழிஞ்ச மாதிரியா தெரியுது? ஆலைக்காரருக்கும் உங்களுக்கும் நடுவுல இருந்த கடைக்காரருக்குப் பதிலா, பேர் தெரியாத தளக்காரர் வந்திருக்காரு. பழைய தரகருக்கு முகம் இருந்துச்சு. புதுத் தரகருக்கு லோகோதான் இருக்கு.

அப்போ எல்லாத் தளத்தையும் மூடச் சொல்றியான்னு கேட்டா, இல்லை. இதை வச்சுப் பிழைக்கிற சின்ன வியாபாரிங்க எங்க ஊர்லேயும் இருக்காங்க. சீசன்ல பேக்கிங் போடுற பொம்பளைங்களுக்கும் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதுல சோறு இருக்கு. பட்டாசே வேண்டாம்னு சொல்றவங்க விவாதமும் வேற. நான் கேக்குறது ஒண்ணுதான். கடை நடத்துறேன்னா கடைக்காரனோட பொறுப்பை ஏத்துக்க. போர்டுதான்னா கூடையையும் கல்லாவையும் எடுத்துரு.

இது முடியாத காரியம் இல்லை. என் புஞ்சை யார் பேர்ல இருக்கு, எத்தனை ஏக்கர், சர்வே நம்பர் என்னன்னு அரசாங்கத்தோட பட்டா தளத்துல எங்கிருந்தும் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துத் தேடலாம். மழை பெஞ்சா மட்டும் விளையுற கரிசல் நிலத்துக்கு அவ்வளவு வெளிச்சம். வெடிமருந்து வியாபாரத்துக்கு ஏன் இவ்வளவு இருட்டு? பட்டாசு தயாரிக்க எல்இ-1, கடையில வச்சு விக்க எல்இ-5ன்னு 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகள்ல தனித்தனி உரிமம் இருக்கு. நாக்பூர்ல தலைமையிடம் வச்சிருக்கிற பெசோ அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் அந்தக் கணக்கை வச்சிருக்காங்க. அந்த உரிம எண்ணைத் தளத்தோட முகப்புல போடணும், அமுக்கினா அரசாங்கப் பதிவேடு திறந்து அந்தப் பேரும் விலாசமும் செல்லுபடியாகிற தேதியும் தெரியணும்னு ஒரு விதி போதும். இதுக்குப் பேர்தான் வெப் அப்ளிகேஷன். தள்ளுபடிக் கணக்குப் போடுறதுக்கு மட்டும் அல்ல அந்தத் தொழில்நுட்பம்.

அரசாங்கம் ரெண்டுல ஒண்ணு செய்யணும். தடை இருக்குன்னா, என்கொயரி பட்டன் போட்ட தளங்களையும் தடையில சேர்த்து நிஜமாவே நிறுத்தணும். முடியாதுன்னா, உச்ச நீதிமன்றத்துக்குப் போய், உரிம எண்ணோட கட்டுப்பாடான விற்பனைக்கு வழி கேக்கணும். தடையும் இருக்கு, வியாபாரமும் நடக்குதுங்கிற இந்த நடுவழி களவாணிக்கு மட்டும்தான் வசதி.

வெப்சைட் செய்யற தம்பிகளுக்கு: விதி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க அச்சுல அஞ்சு வரி சேருங்க. உரிமம் யார் பேர்ல, எண் என்ன, குடோன் விலாசம், ஜிஎஸ்டி எண், தளத்தைச் செஞ்சது யார். இதைக் கொடுக்க மாட்டேன்னு சொல்ற கிளையண்டுக்கு எதுக்குக் கடை கட்டிக் கொடுக்கிறீங்க?

நகரத்து நண்பர்களுக்கு: இப்போதைக்கு உங்க ஊர்லேயே உரிமம் வாங்கின கடையிலேயோ, கூட்டுறவுப் பண்டகசாலையிலேயோ வாங்குங்க. ஆள் முகம் தெரியும், பில் கிடைக்கும். இல்லை, சிவகாசிக்கே நேர்ல வந்து வாங்குறேன்னா வாங்க. ரயில்ல மட்டும் கொண்டுபோயிராதீங்க, அது குற்றம். எங்கே வாங்கினாலும் தள்ளுபடி எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி லைசென்ஸ் நம்பரைக் கேளுங்க, இது எந்த ஆலைச் சரக்குன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா விட்டுருங்க. ஒரு ஆள் கேட்டா வியாபாரி சிரிச்சிட்டுப் போனை வச்சிருவார். ஆயிரம் பேர் கேட்டா அடுத்த சீசனுக்குத் தளத்துல அந்த வரி தானா வந்துரும். 'என்கொயரி'ன்னுதானே பட்டன்ல எழுதியிருக்கு? அதையே நிஜமா செய்வோம், விசாரிப்போம்.